‘நிஜத்தில் நடந்தது’ என்று சொல்லக்கூடாது

அண்ணன் விழுந்தது ஏழாவது மாடியிலிருந்து. விசாரணை அறிக்கை வந்தது நான்காவது நாள். இரண்டில் எது பலமான அடி என்று கேட்டால், அறிக்கைதான் என்பாள் அண்ணி.

‘பணியாளர் மது அருந்திய நிலையில் கவனக்குறைவாக லிஃப்ட் குழிக்குள் விழுந்தார்.’

ஒரே வரி. கீழே மூன்று கையெழுத்து, இரண்டு ரப்பர் ஸ்டாம்பு. ரத்தப் பரிசோதனை முடிவு எங்கே என்று கேட்டதற்கு, தொலைந்துவிட்டது என்று எழுதி அதற்கும் ஒரு ஸ்டாம்பு குத்திக் கொடுத்தார்கள்.

இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டு, “வேணாம், சாராய வாடை அடிக்குது” என்று திருப்பி வைக்கிற ஆள் அண்ணன்.

நடந்தது இதுதான். லிஃப்ட் வந்து நிற்காமல் வெளிக்கதவு திறக்கக்கூடாது. அதற்கென்று ஒரு பூட்டு உண்டு. ஏழாவது மாடியில் அந்தப் பூட்டு பழுது. பூட்டு சரியாக விழாததால் லிஃப்ட் அடிக்கடி நின்றுபோனது. புதுப் பூட்டு வேண்டும் என்று அண்ணன் மூன்று முறை எழுதிக் கொடுத்தான். “அடுத்த மாசம் பார்ட்ஸ் வரும், அதுவரைக்கும் ஒரு ஒயரைப் போட்டு இணைச்சு விடு, ஓடட்டும்” என்றார் சூப்பர்வைசர். அண்ணன் மறுத்தான். சூப்பர்வைசர் அண்ணனிடம் சொல்லாமல் வேறு ஆளை வைத்து ஒயரைப் போட்டார். லிஃப்ட் ஓடியது. கதவும், லிஃப்ட் வந்தாலும் வராவிட்டாலும், இழுத்தால் திறந்தது. வராண்டா பல்பு எரியவில்லை. அண்ணன் கதவை இழுத்தான், காலை வைத்தான்.

அப்போது தம்பி மொட்டை மாடி மெஷின் ரூமில் இருந்தான். அதே கம்பெனி, அதே வேலை, அதே காக்கிச் சட்டை. சத்தம் கேட்டு இறங்கி ஓடி வந்தவன், கதவுக்கு மேலே அந்தச் சிவப்பு ஒயரைக் கண்ணால் பார்த்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஒயர் காணாமல் போயிருந்தது.

இந்தத் தம்பிதான் நம் கதாநாயகன். மெக்கானிக் என்று கூப்பிடுவோம். மன்றத்தில் இருந்தவர்கள் அவனை வேறு என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டார்கள். அதெல்லாம் போகப் போகத் தெரியும்.

“விசாரணைல சொன்னீங்க, எழுதிக்கலை. எழுதிக் கொடுத்தீங்க, வாங்கிக்கலை” என்றாள் அண்ணி. “உங்களுக்குத்தான் கதை எழுத வருமே தம்பி. கதையா எழுதுங்க. பள்ளிக்கூடத்துல இவளைக் ‘குடிகாரன் பொண்ணு’ன்னு கூப்பிடறாங்களாம். நாளைக்கு இவ கையில கொடுத்து, இதாண்டி உங்கப்பான்னு சொல்ல ஏதாவது ஒண்ணு வேணும் எனக்கு.”

அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, அழாமல், கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் பதினெட்டு பக்கம் எழுதினான்.

*

வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியர் பதினெட்டு பக்கத்தையும் அவன் கண் எதிரிலேயே படித்தார். படித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, இந்த ஆபீஸ் மூணாவது மாடில இருக்கு. இன்னிலேர்ந்து நான் படியில இறங்கிடப் போறேன். அப்படி எழுதியிருக்கே.”

“அப்போ போடுவீங்களா சார்?”

“போடலாம். சான்றிதழ் இருக்கா?”

“என்ன சான்றிதழ்?”

“மன்றத்தோட சான்றிதழ். வளரும் எழுத்தாளர் வழிகாட்டு மற்றும் சக ஆதரவு மன்றம். புது ஆளுங்க கதை இப்பல்லாம் அவங்க வழியாத்தான் வருது. நேரா வந்தா வாங்கக்கூடாதுன்னு உத்தரவு.”

“கதை நல்லாயிருக்குன்னு நீங்களே சொல்றீங்களே சார்.”

“அதான் பிரச்சினையே. நல்லாயிருக்குன்னு முடிவு பண்ண எனக்கு அதிகாரம் இல்லை” என்ற உதவி ஆசிரியர், சொன்னபடி படியில் இறங்கிப் போனார்.

*

மன்றம் நான்கு மாடிக் கட்டடத்தில் இருந்தது. லிஃப்ட் இருந்தது, மெக்கானிக்கும் படியில்தான் ஏறினான். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள்.

“நீங்க வளரும் எழுத்தாளரா, வளர்ந்த எழுத்தாளரா?”

“தெரியலைங்க.”

“தெரியலைன்னா வளரும். தெரியும்னு சொன்னாலும் வளரும்தான் போடுவோம். வளர்ந்தவங்களுக்கு இங்கே படிவம் கிடையாது.” பச்சை வட்ட பேட்ஜ் ஒன்றை எடுத்து அவன் சட்டையில் குத்தினாள். “நீங்க இப்போ ‘விதை’. அடுத்து முளை, துளிர், கிளை.”

“கிளைக்கு அப்புறம்?”

“அப்புறம் மறுபடி விதை. இயற்கை அப்படித்தானே?”

சுவரைப் பார்த்து நின்று உறுதிமொழி எடுக்கச் சொன்னாள். எடுத்தான். ‘நான் எந்த நாளிலும் வளர்ந்துவிட்டதாக எண்ணமாட்டேன். சக எழுத்தாளரின் அன்பை மறுக்கமாட்டேன். என் படைப்பு நான் வளரும் வரை மன்றத்துக்கு உரியது.’

கடைசி வரியில் கொஞ்சம் தடுக்கியது. பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். சொல்லிவிட்டான்.

*

ஆதரவு வட்டம் ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் மூன்று மணிக்குக் கூடும். வட்டமாகப் போட்ட நாற்காலிகள். நடுவில் ஒரு முக்காலி. முக்காலி மேல் ஒரு மணி.

வட்டத்தை நடத்துபவரை வழிகாட்டி அம்மா என்றார்கள். வெள்ளை முடி, மெல்லிய குரல். குழந்தைக்கு ஊசி போடுகிற நர்ஸ் மாதிரி எப்போதும் சிரித்த முகம். அவருக்கு வலப்பக்கம் பல் டாக்டர். நிலாவைப் பற்றிக் கவிதை எழுதுபவர். இடப்பக்கம் சீனியர். சீனியர் பத்தொன்பது வருடமாக வளர்ந்து வருகிறார். ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தை இருநூற்றுப் பன்னிரண்டாவது முறையாகத் திருத்திக்கொண்டிருக்கிறார். ஆரம்பத்தில் அதில் ஒரு கொலை இருந்ததாம். வட்டத்தின் அன்பில் கொலை காயமாகி, காயம் சண்டையாகி, இப்போது இரண்டு பேர் ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்கள்.

வழிகாட்டி அம்மா மெக்கானிக்கின் மடியில் ஒரு தலையணையை வைத்தார்.

“இது அமைதித் தலையணை. கதையைப் பத்தி நாங்க பேசி முடிக்கற வரைக்கும் நீங்க இதைக் கட்டிப் பிடிச்சுக்கணும். பேசக்கூடாது. ‘நன்றி’ மட்டும் சொல்லலாம். முதல்ல பாராட்டு, அப்புறம் அன்பான கேள்வி. சரியா கண்ணா?”

கண்ணாவுக்கு நாற்பத்தோரு வயது. தலையாட்டினான்.

“நான் பாராட்டறேன்” என்றார் பல் டாக்டர். “பக்க எண் எல்லாம் வரிசையா இருந்துச்சு. ஒண்ணுகூட விட்டுப் போகலை.”

“நன்றி.”

“காகிதம் நல்ல கனம்” என்றார் சீனியர். “எழுத்துக்கு மரியாதை குடுக்கற மனசு தெரியுது.”

“நன்றி.”

“எனக்கு அந்த ‘அண்ணன்’ங்கற வார்த்தை பிடிச்சிருந்தது” என்றார் வழிகாட்டி அம்மா கண்களை மூடி. “ரொம்ப அழகான வார்த்தை. இப்போ அன்பான கேள்வி. அவன் ஏன் விழுந்தான்?”

மெக்கானிக் தலையணைக்கு மேலாக மூன்று முகங்களையும் பார்த்தான். கதையில் நாலு பக்கம் அதைத்தான் எழுதியிருந்தான்.

“பூட்டு பழுதுன்னு எழுதியிருக்கு” என்று சீனியரே பதில் சொன்னார். “அது எப்படி விழுந்தான்ங்கறது. ஏன் விழுந்தான்? அவனுக்குள்ளே என்ன பழுது?”

“அதேதான்!” பல் டாக்டர் தொடையைத் தட்டினார். “எனக்கு அந்த ஒயர், பூட்டு ஒண்ணும் புரியலை. மூணு தடவை படிச்சேன். பல் வலின்னா புரியும். வாசகனுக்கும் பல் இருக்கு பாருங்க.”

“மூணு தடவை எழுதிக் கொடுத்தான்னு வருது” என்றார் சீனியர். “சொன்னதையே சொல்ற மாதிரி இருக்கு. ஒரு தடவை போதாது?”

மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை. தலையணையை இறக்கினான்.

“நிஜத்துல மூணு தடவைதாங்க எழுதிக் கொடுத்தான். நிஜத்துல அப்படித்தாங்க நடந்த…”

மணி அடித்தது.

பல் டாக்டர் குனிந்துகொண்டார். சீனியரின் கண்ணில் நிஜமான துக்கம் இருந்தது. பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் வருகிற துக்கம்.

“கண்ணா” என்றார் வழிகாட்டி அம்மா, குரல் முன்னைவிட மெல்லியதாக. “விதி நாலு. ‘நிஜத்தில் நடந்தது’ என்று சொல்லக்கூடாது. நிஜத்துல என்ன வேணா நடக்கும். நிஜத்துக்கு ஒரு பயிற்சியும் கிடையாது. கதைக்குப் பொறுப்பு இருக்கில்லையா?”

எழுந்து வந்து அவன் சட்டையிலிருந்த பச்சை பேட்ஜைக் கழற்றினார். பழுப்பு நிறத்தில் வேறொன்றைக் குத்தினார்.

“விதைக்குக் கீழே ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லலியே” என்றான் மெக்கானிக்.

“மண்” என்றார் சீனியர் ஆறுதலாக. “நானும் மூணு வருஷம் மண்ணா இருந்திருக்கேன் தம்பி. பழகிடும்.”

*

ஏற்புத்திறன் என்று ஒரு மதிப்பெண் இருந்தது. சக எழுத்தாளர் சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொண்டால் ஒன்று. முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டால் இரண்டு. சொல்வதற்கு முன்பே ஏற்றுக்கொண்டால் ஐந்து. எழுத்துக்கு என்று தனியாக மதிப்பெண் எதுவும் இல்லை. அது போட்டியை உண்டாக்கும்.

மெக்கானிக் கணக்குப் போட்டான். அவன் வேலையில் ஒரு வழக்கம் உண்டு: ஸ்க்ரூ எல்லாம் கழற்றினாலும் எது எங்கே இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் திரும்ப மாட்டிவிடலாம். கதையையும் அப்படித்தான் நினைத்தான். இப்போதைக்குக் கழற்றுவோம். சான்றிதழ் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் மாட்டிக்கொள்வோம்.

முதல் மாதம், மூன்று முறை எழுதிக் கொடுத்தது ஒரு முறை ஆனது. இரண்டாவது மாதம் அதுவும் போயிற்று. கடிதம் எழுதுகிற கதாபாத்திரம் வாசகனிடமிருந்து விலகி நிற்கிறான் என்று சீனியர் அபிப்பிராயப்பட்டார். மூன்றாவது மாதம் வட்டம் சூப்பர்வைசரின் பக்கம் திரும்பியது.

“ஒரே கறுப்பா இருக்காரே பாவம்” என்றார் வழிகாட்டி அம்மா. “அவருக்கும் ஒரு மனசு இருக்குமில்லையா?”

சூப்பர்வைசருக்குப் படுத்த படுக்கையாக ஒரு தாயார் வந்தார். அவர் புறாக்களுக்குத் தானியம் போட்டார். பழைய ஸ்வெட்டரின் கிழிசலைத் தானே தைத்துக்கொண்டார். புறா வந்த அன்று பல் டாக்டர் கைதட்டினார். நான்காவது மாதம் ஒயரை எடுத்தார்கள். அந்தச் சனிக்கிழமை யாரும் சொல்வதற்கு முன்பே மெக்கானிக் அதைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தான். ஐந்து மதிப்பெண்.

கதையில் இப்போது அண்ணன் ஒருவன் இருந்தான், நல்ல சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார், நன்றாக வேலை செய்யும் லிஃப்ட் ஒன்று இருந்தது. அண்ணன் விழுந்தான்.

“இப்போ ஒரு கேள்வி வருது பாருங்க” என்றார் சீனியர். “காரணமே இல்லாம விழறானே?”

“அதானே” என்றார் பல் டாக்டர், புதிதாகக் கண்டுபிடித்தவர் போல. “பூட்டு சரியா இருக்கு, சூப்பர்வைசர் தங்கமான மனுஷன். ஒருத்தன் ஏன் விழணும்?”

வழிகாட்டி அம்மா சிரித்தார். “உள்ளே ஒரு போராட்டம் வேணும். ஒரு பலவீனம். மனுஷன்னா ஏதாவது ஒண்ணு இருக்கும் கண்ணா. ரொம்ப சின்னதா. யாருக்கும் தெரியாம.”

“ஒரு பாட்டில்” என்றார் சீனியர்.

மெக்கானிக் எழுந்துவிட்டான். தலையணையைக் கட்டிப் பிடித்தபடியே கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். அவன் படியில் இறங்கி இரண்டாவது மாடிக்கு வந்தபோது, மேலே வழிகாட்டி அம்மா பல் டாக்டரிடம், “தலையணைக்குக் கையெழுத்து வாங்கினீங்களா?” என்று கேட்பது காதில் விழுந்தது.

*

தலைவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு அனுப்பினார்.

தலைவர் எழுதுவது எப்படி என்று பதினோரு புத்தகம் எழுதியவர். எழுதியதே அவ்வளவுதான். அறை முழுக்கக் குழுப் புகைப்படங்கள்; ஒவ்வொரு வருடமும் அதே முகங்கள், முடி மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

“உக்காருங்க மண்” என்றார் தலைவர் அன்பாக. “கோபம் வந்துடுச்சாமே?”

“என் அண்ணன் குடிக்க மாட்டான் சார்.”

“கதைல வர்ற அண்ணன் யாரு? வட்டத்தோட அண்ணன். நாலு பேர் சேர்ந்து வளர்த்த அண்ணன். அவனை நீங்க மட்டும் பிடிச்சு வெச்சுக்கறது நியாயமா?” தலைவர் எழுந்து புகைப்படங்களின் பக்கம் கையை விரித்தார். “இதப் பாருங்க. இருபத்திரண்டு வருஷம். முந்நூறு பேர் உள்ளே வந்திருக்காங்க. ஒருத்தர்கூட எழுத்தாளரா வெளியே போகலை. ஒருத்தர்கூட! அப்படி ஒரு பாதுகாப்பான இடத்தை நாங்க உண்டாக்கியிருக்கோம். வெளியே போய் அடிபட்டு, விமர்சனம் வாங்கி, மனசு உடைஞ்சு… அந்தக் கஷ்டமெல்லாம் எங்க பிள்ளைங்களுக்கு எதுக்கு? ஒருத்தன் வளர்ந்துட்டான்னு வைங்க, மத்தவனுக்கெல்லாம் வளரலையேன்னு இருக்கும். அது வன்முறை. நாங்க அதை அனுமதிக்கறதில்லை.”

“எனக்குச் சான்றிதழ் மட்டும் போதும் சார்.”

“சான்றிதழா? அதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு.” தலைவர் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். “ஆண்டுத் தொகுப்பு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. எல்லாப் பள்ளிக்கூட நூலகத்துக்கும் ரெண்டு பிரதி. உங்க கதை ஒண்ணுதான் சேர்க்கற மாதிரி இருக்குன்னு வழிகாட்டி அம்மா சொல்றாங்க. ஒரே ஒரு குறை.”

மெக்கானிக்கின் மனசு ‘பள்ளிக்கூட’த்தோடு நின்றுவிட்டது. அண்ணன் மகளுடைய பள்ளிக்கூடம். அவளுடைய நூலகம். அலமாரியில் ஒரு புத்தகம், அதில் அவள் அப்பாவின் கதை.

“ஒரு வரி போதும்” என்றார் தலைவர். “ஒரே ஒரு மடக்கு. கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ளே போயிடும். யாரும் கவனிக்கக்கூட மாட்டாங்க.”

“யாரும் கவனிக்கலைன்னா எதுக்கு சார் வைக்கணும்?”

தலைவர் பேனாவை மூடி வைத்தார். “அப்போ வைக்க வேண்டாம். கதையும் வேண்டாம். உரிமை மன்றத்துக்கிட்ட இருக்கறதால வேற எங்கேயும் வராது, அவ்வளவுதான். முடிவு உங்களோடது. நாங்க யாரையும் வற்புறுத்தறதே இல்லை.”

*

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில், மொட்டை மாடி மெஷின் ரூமில், தலைகீழாகக் கவிழ்த்த பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து எழுதினான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வரிதான் எழுத நினைத்தான். அந்த வரி தனியாக நின்று பொய் பொய் என்று கத்தியது. அதை மறைக்க இன்னொரு வரி போட்டான். அண்ணன் குடிக்கிற மாதிரி கற்பனை செய்ய வரவில்லை. அதனால் அண்ணன் நிஜமாகச் செய்ததையெல்லாம் எடுத்து வைத்தான். கூடப் பிறந்தவனுக்கு மட்டும் தெரிந்த சின்னச் சின்ன விஷயங்கள். அண்ணன் நடக்கிற மாதிரி, திரும்புகிற மாதிரி, யாருக்கும் தெரியாமல் சிரிக்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பாட்டிலைக் கொண்டுபோய் வைத்தபோது ஒவ்வொன்றும் சரியாகப் பொருந்தியது. மூன்று பக்கம் ஆயிற்று. சோறு ஆறிப்போனது தெரியவில்லை.

அவன் அதுவரை எழுதியதிலேயே அந்த மூன்று பக்கம்தான் அருமை. எழுதி முடித்ததும் அவனுக்கே தெரிந்தது. முதல் வரியிலிருந்து மறுபடி படித்தான். நியாயமாக வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் அவசர வட்டம் கூடியது. வழிகாட்டி அம்மா வாசித்தார். பாதியில் பல் டாக்டர் கைக்குட்டையை எடுத்தார். சீனியர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

“பத்தொன்பது வருஷம்” என்றார் சீனியர் சுவரிடம். “இந்த ரூம்ல இப்படி ஒண்ணு கேட்டதில்லை தம்பி. நிஜமா… மன்னிக்கணும். அந்த வார்த்தை சொல்லக்கூடாது.”

மண்ணிலிருந்து நேராகக் கிளைக்குப் பதவி உயர்வு. மன்றத்தின் வரலாற்றில் முதல் முறை. தங்க நிற பேட்ஜ். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் காதில் விழுந்தபோது மெக்கானிக் சந்தோஷமாக இருந்தான். இதை மறைத்து அவனுக்கு நல்ல பெயர் வாங்கித் தருவது என் வேலை இல்லை.

ஸ்க்ரூ எல்லாம் எங்கே வைத்தோம் என்று அன்று அவனுக்கு ஞாபகமே வரவில்லை.

*

வெளியீட்டு விழாவுக்கு வர வேண்டாம் என்று அண்ணியிடம் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான். கூட்டமா இருக்கும், சீட்டு கிடைக்காது, எனக்கே பேச வராது.

“நல்லாயிருக்கே தம்பி! இத்தனை மாசமா இதுக்குத்தானே காத்திட்டிருக்கேன்” என்ற அண்ணி, மகளுக்குத் தலை பின்னி, தானும் நல்ல உடுப்பு உடுத்தி, முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

மேடையில் சிறப்பு விருந்தினராக ஒருவர் இருந்தார். மெக்கானிக் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டான். லிஃப்ட் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. அறிக்கையில் இருந்த மூன்று கையெழுத்தில் இரண்டாவது.

“வளர்ச்சின்னா என்ன?” என்று தலைவர் தொடங்கினார். “ஒரு கரடுமுரடான ஆள் ஒரு கரடுமுரடான உண்மையைத் தூக்கிக்கிட்டு நம்ம வாசலுக்கு வந்தான். நாம என்ன பண்ணினோம்? அன்பால தேய்ச்சோம். சக எழுத்தாளர்கள் ஒவ்வொருத்தரும் ஒரு பக்கமா நின்னு தேய்ச்சாங்க. இன்னிக்குப் பாருங்க, கையில வெச்சா வழுக்குது! அதுதான் இலக்கியம்.”

பிறகு வாசித்தார். சரியாக அந்த மூன்று பக்கத்தை.

தலைவருக்கு நல்ல குரல். முதல் பக்கத்தில் அண்ணியின் முகத்தில் புன்னகை இருந்தது; புருஷனின் நடையை அவள் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டாவது பக்கத்தில் புன்னகை அங்கேயே இருந்தது, ஆனால் யாரோ கழற்ற மறந்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது. மூன்றாவது பக்கம் முடிவதற்குள் எழுந்து நின்றாள்.

“அவர் குடிக்க மாட்டாருங்க.”

தலைவர் நிறுத்தினார். “யாரும்மா?”

“என் வீட்டுக்காரர். இதுல வர்றவர். அவர் ஒரு நாள்கூட தொட்டதில்லைங்க. பூட்டு கெட்டுப் போயிருந்துச்சு. நிஜத்துல…”

வழிகாட்டி அம்மாவின் கை, பழக்கத்தால், மேடையிலிருந்த மணியைத் தட்டிவிட்டது.

தலைவர் நெஞ்சில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. “பாத்தீங்களா? ஒரு வாசகி. கதாபாத்திரத்தைத் தன் புருஷன்னே நம்பிட்டாங்க. இதுக்கு மேல ஒரு விருது உண்டா?”

கைதட்டல் கூரையைத் தொட்டது. அண்ணி திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் எழுந்தான். வாயைத் திறந்தான். எல்லோரும் அவனைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் அவன் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வார்த்தைதான். ஐந்து மாதம் பழகிய வார்த்தை.

“நன்றி.”

வரவேற்புப் பெண் குனிந்தபடி ஓடி வந்து அண்ணியின் கையில் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தாள். “உங்களுக்குள்ளேயும் ஒரு கதை இருக்கும்மா. சனிக்கிழமை மூணு மணி.”

பாதுகாப்பு அதிகாரி மைக்கை வாங்கினார். “குடிச்சுட்டு வேலைக்கு வராதீங்கன்னு நாங்க எத்தனையோ நோட்டீஸ் ஒட்டியிருக்கோம். யாரும் படிக்கறதில்லை. சொந்தத் தம்பியே இவ்வளவு மனசு விட்டு எழுதினது கிடைச்சிருக்கு. இந்த மூணு பக்கத்தை எங்க எல்லா லிஃப்ட்லயும் ஒட்ட மன்றம் அனுமதி தரணும்.”

அனுமதியை மன்றம் மேடையிலேயே தந்தது. எழுத்தாளரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார்.

*

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். படிவத்தை நான்காக மடித்து, எட்டாக மடித்து, மேலும் மடிக்க முடியாமல் கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். இனி அவனோடு பேசப் போவதில்லை என்பது அவள் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

அண்ணன் மகள் மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்து தொகுப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய. அவன் புத்தகத்தைப் பிடுங்க நினைத்தான். பிடுங்கவில்லை. அவள் படிக்கிற முகத்தைப் பார்க்க அவனுக்குள் எங்கேயோ ஆசையும் இருந்தது.

கடைசிப் பக்கத்தை முடித்து, புத்தகத்தை மூடி, மடியில் வைத்துக்கொண்டாள்.

“சித்தப்பா.”

“சொல்லும்மா.”

“அப்பா வேலை முடிஞ்சு வந்ததும் நான் ஓடிப்போய் முத்தம் கொடுப்பேன். அப்போ மூஞ்சியைத் திருப்பிப்பாரு. ‘இரு, கிரீஸ் வாடை, குளிச்சுட்டு வர்றேன்’னு சொல்லுவாரு. நீங்க அதை எழுதியிருக்கீங்க.”

“ஆமா.”

“கிரீஸ் வாடைன்னுதான் நான் நினைச்சிட்டிருந்தேன்.”

“அது கிரீஸ் வாடைதாண்டா. அந்த இடம்… அது சும்மா கதைக்காக…”

“இல்ல சித்தப்பா. நான் யோசிச்சுப் பாத்தேன். தினமும் திருப்பிப்பாரு.” ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தாள். “நான் கண்டுபிடிச்சிருக்கலாம்.”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

“என் கிளாஸ்ல ஒருத்தி இருக்கா, அப்பாவைப் பத்தித் தப்பா பேசினான்னு அவ கையைக் கடிச்சு வெச்சுட்டேன். டீச்சர் மன்னிப்பு கேக்கச் சொன்னாங்க. செத்தாலும் மாட்டேன்னு சொல்லிட்டேன், அஞ்சு மாசமா.” அவள் புத்தகத்தின் அட்டையைக் கையால் துடைத்தாள். “நாளைக்குக் கேட்டுடறேன்.”